கனகவல்லியின் வாய்

கனகவல்லியைப் பற்றிச் சொல்வதென்றால் அவள் வாங்கிய அடியிலிருந்துதான் தொடங்க வேண்டும். அவள் கொடுத்ததெல்லாம் பிறகு வந்தவை.

அனகாபுத்தூரில் அடையாற்றை ஒட்டிய எங்கள் தெருவுக்குக் கல்யாணமாகி வந்தபோது அவளுக்கு வாய் இருக்கிறதா என்றே யாருக்கும் தெரியாது. புருஷன் பொன்னுசாமி தண்ணீர் லாரி ஓட்டினான். சாயங்காலம் குடித்துவிட்டு வந்து தெருவில் வைத்துத்தான் அடிப்பான். வீட்டுக்குள் கை வீச இடம் பத்தவில்லை என்று அவனே சொல்வான். தலைமுடியைக் கையில் சுற்றி, என் மளிகைக் கடை வாசல் வரைக்கும் இழுத்துக்கொண்டு வருவான். நாங்கள் நான்கு பேர் நின்று "விடுப்பா, விடுப்பா" என்போம். அந்த "விடுப்பா"வுக்கு எந்தப் புருஷனும் எந்தக் காலத்திலும் விட்டதில்லை.

ஒரு நாள் இடுப்பில் குழந்தையோடு நின்றவளை லாரி டியூப் ரப்பரால் விளாசினான். ஒரு அடி குழந்தையின் முதுகில் விழுந்தது. குழந்தை அழக்கூட மறந்து வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. அன்றைக்குத்தான் கனகவல்லி வாயைத் திறந்தாள்.

என்ன பேசினாள் என்பதை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் இந்தத் தாளைத் தொட்டவர்கள் கை கழுவ வேண்டியிருக்கும். அவன் பிறப்பு, அவன் ஆண்மை, அவன் அம்மா எந்த லாரி ஸ்டாண்டில் யாரோடு நின்றாள் என்பது வரைக்கும் வந்தது. வீடுகளிலிருந்து ஆட்கள் வெளியே வந்தார்கள். யாரோ ஒருவர் சிரித்தார். பொன்னுசாமி கையை ஓங்கினான், சிரிப்பு அதிகமானது. ஓங்கிய கை அப்படியே நின்றது. அடிக்கிறவனைப் பார்த்து ஊர் பயப்படும், ஊர் சிரித்துவிட்டால் அவனால் அடிக்க முடியாது. அடுத்த வாரமே துணிப்பையை எடுத்துக்கொண்டு முடிச்சூர் பக்கம் இன்னொரு குடித்தனத்துக்குப் போய்விட்டான். நல்லது, போகட்டும் என்று எனக்கு வயிறு குளிர்ந்தது.

அதற்குப் பிறகு தெரு அவளைக் கண்டுபிடித்துக்கொண்டது. எங்கள் பக்கத்தில் சண்டைக்கு ஆள் கூப்பிடுகிற வழக்கம் ஒன்று உண்டு. குடியிருப்பவன் வீட்டைக் காலி செய்யவில்லையா, மருமகன் பெண்ணைத் திருப்பி அனுப்பிவிட்டானா, பக்கத்து வீட்டுக்காரி சுவரைத் தள்ளிக் கட்டிவிட்டாளா, கூப்பிடு கனகவல்லியை. அவள் போய் அந்த வீட்டு வாசலில், தெருவுக்கு நடுவில் நிற்பாள். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகுவாள். ஆரம்பிப்பாள். அரை மணி நேரத்தில் எதிராளி கதவைச் சாத்திக்கொள்வார், அல்லது காலில் விழுவார். கையையும் சும்மா வைத்திருக்க மாட்டாள். பொழிச்சலூரில் ஒரு மாமியாரின் காதைக் கடித்துத் துப்பியிருக்கிறாள். குழாயடியில் ஒருத்தியின் முன்பல் அவள் குடத்தால் போனது. ஞாயம் யார் பக்கம் என்று மட்டும் கேட்கவே மாட்டாள்.

"ஞாயத்த பேச வக்கீல் கீறான். நான் எதுக்கு?" என்பாள்.

கூப்பிட்டவர்கள் புடவை எடுத்துக் கொடுப்பார்கள், பிரியாணிப் பொட்டலம் கொடுப்பார்கள், பிள்ளைக்கு ஒரு சட்டை. அந்தப் பிள்ளைதான் முகிலன். சண்டைக்குப் போகும் இடத்துக்கெல்லாம் அவனைக் கூட்டிப்போவாள்; வீட்டில் விட ஆளில்லை. அவளுடைய செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு ஓரமாக நிற்பான். பெரியவர்கள் கை தட்டும்போது அவனும் தட்டுவான். இந்தக் குழந்தையை வீட்டுக்கு அனுப்புங்கள் என்று ஒருத்தர்கூடச் சொல்லவில்லை.

பெருவெள்ளம் வந்து வடிந்த பிறகு நிவாரண அரிசி மூட்டைக்காக ஒரு சண்டை நடந்தது. அப்போது எதிரே நின்றவளைப் பார்த்துக் கனகவல்லி சொன்னாள்: "அடையாத்து வெள்ளமே உன்ன வாயில போட்டு மென்னு, குமட்டிக்கினு இங்க துப்பிட்டு போச்சுடி." வீடு வாசல் போய் நின்ற தெரு அன்றைக்கு விழுந்து விழுந்து சிரித்தது. அதிலிருந்து அந்த வசவு எங்கள் தெருவின் பொதுச்சொத்து ஆகிவிட்டது. கிரிக்கெட்டில் அவுட் ஆனவனைக்கூடப் பையன்கள் அப்படித்தான் திட்டுவார்கள்.

வார நாட்களில் அவளைப் பார்த்தால் இவளா அவள் என்று தோன்றும். நாவலூரில் ஒரு ஐ.டி. கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் வேலை. நீல நிறச் சீருடை, கழுத்தில் அட்டை, கையில் மாப். அங்கே வாயைத் திறக்கக் கூடாது. ஒருமுறை ஒருவன் வேண்டுமென்றே காபியைக் கொட்டிவிட்டு, "துடைக்கத்தானே சம்பளம்" என்றானாம். துடைத்துவிட்டு வந்தாள். பகல் முழுவதும் மூடியிருந்த வாய், கம்பெனி வேன் எங்கள் தெருமுனையில் நின்றதும் திறந்துகொள்ளும். முதலில் கிடைப்பவர் வேன் டிரைவர்.

முகிலன் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஸ்ரீரங்கன் என்ற வாத்தியார் அவளைக் கூப்பிட்டனுப்பினார். "பையன் போன்ல என்ன கேக்கிறான்னு கொஞ்சம் பாருங்கம்மா. காது கூசுற பாட்டு. கூட இருக்கிற பசங்களுக்கும் போட்டுக் காட்டுறான்" என்றார். மரியாதையான மனிதர். கனகவல்லி அவரைப் பள்ளிக்கூட கேட்டில் நிற்க வைத்து, அவர் மனைவி வரைக்கும் இழுத்துப் பேசினாள். அதற்குப் பிறகு அவர் எந்தப் பெற்றோரையும் கூப்பிட்டதாகத் தெரியவில்லை.

முகிலன் பாலிடெக்னிக் சேர்ந்ததும் தவணையில் பெரிய போன் ஒன்று வாங்கிக் கொடுத்தாள். அவனாகவே மைக் ஒன்று சேர்த்துக்கொண்டான். உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டு, காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

"எம்புள்ள வெளிய தெருவ வர்றதே இல்லண்ணா. குடி கெடையாது, பீடி கெடையாது. இன்னாவோ இங்கிலீஷ் பாட்டு, தடக்கு தடக்குன்னு. தங்கம்ணா அவன்" என்று என் கடையில் முட்டை வாங்கும்போது சொல்வாள். அவளுக்கு உலகத்தில் இருந்தது அந்த ஒரு பிள்ளைதான். அவனுக்கு ஒன்று என்றால் அவள் இல்லை.

போன வருஷம் ஆடி மாதம் அந்தப் பாட்டு வந்தது.

ராப் பாட்டின் மேல் எனக்குப் பகை எதுவும் இல்லை. கடையில் பையன்கள் போட்டுக் கேட்டதில் சிலது நன்றாகவே இருந்தது. தண்ணீர் வராததைப் பற்றியும் போலீஸ் அடித்ததைப் பற்றியும் ஞாயமான கோபத்தோடு பாடியிருந்தார்கள். இது அது இல்லை. இது ஒரு பெண்ணை நடுத்தெருவில் நிற்க வைத்து, வாயாலேயே துணியை உருவுகிற பாட்டு. பெண்ணின் பெயர் சினேகா என்று அதிலேயே வருகிறது. எங்கள் தெருவின் பெயரும் வருகிறது. பாடியவன் முகம் இல்லை, கறுப்புத் திரைதான். குரலை ஏதோ செயலியில் போட்டுத் தகரத்தில் ஆணி கீறுகிற மாதிரி மாற்றியிருந்தான். பெரியவர்கள் இரண்டு வரி கேட்டுவிட்டுச் சீ என்று அணைத்தார்கள். சின்னவர்கள் முழுவதும் மனப்பாடம் செய்தார்கள்.

பாடியது முகிலன். அப்போது தெருவில் யாருக்கும் அது தெரியாது, கனகவல்லிக்கும் தெரியாது. படிக்கிற உங்களுக்கு இப்போதே தெரிந்திருக்கட்டும், மறைத்து வைத்து வேடிக்கை காட்ட எனக்குப் பிடிக்காது.

சினேகா எங்கள் தெருக்கோடி வெல்டர் ஜெரோமின் மகள், தாம்பரத்தில் கல்லூரியில் படிக்கிறாள். தாய் இல்லாத பெண். பாட்டு வந்த சில நாட்களில், பல்லாவரம் ரயில் மேடையில் இரண்டு தடியன்கள் அதைச் சத்தமாகப் போட்டு அவள் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தார்கள். பிடுங்கப் போனவளைத் தள்ளிவிட்டார்கள். சிமெண்ட் பெஞ்சின் விளிம்பில் முகம் மோதித் தாடை பிளந்தது. தையல் போட்டார்கள். பேச வாயைத் திறந்தால் தையல் இழுக்கும். அவள் பேசுவதையே விட்டுவிட்டாள், கல்லூரிக்குப் போவதையும்.

ஜெரோம் புகார் கொடுத்தார். விசாரிப்பதாகச் சொன்னார்கள். அவருக்கு அதுவரை காத்திருக்கப் பொறுமை இல்லை. "பாடுனவன் கெடச்சான்னா நாக்க அறுத்து இந்த நாய்க்குப் போடுவேன்" என்று என் கடை முன்னால் படுத்திருந்த நாயைக் காட்டிச் சொன்னார். இரும்பை அறுக்கிற மனிதர்; சும்மா சொல்கிறவர் அல்ல.

தெருவில் மைக் வைத்திருக்கும் பையன் யார்? எல்லாரும் அறிந்தவன் ஜெபகுமார். சர்ச்சில் கீபோர்டு வாசிப்பவன். அவன் அம்மா ஜான்சி ஏற்றுமதிக் கம்பெனியில் தையல் வேலை செய்கிறாள். எதிரே வருபவருக்கு ஒதுங்கி வழிவிட்டே பழகியவள். ஜெரோம் வேறு யாரையும் யோசிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்த ஜெபகுமாரை, வெள்ளைச் சட்டையோடு கழுத்தைப் பிடித்துத் தெருவில் தள்ளினார். அதற்கு முன்னால் கனகவல்லியின் வீட்டுக்குப் போயிருந்தார்.

"எக்கா, நீ வந்து ரெண்டு வார்த்த அவன் அம்மாள கேக்கணும். புள்ளய பெத்து இன்னா வளத்து வச்சிக்கீறான்னு கேக்கணும். நான் பொம்பளகிட்ட பேச முடியாது" என்றாராம்.

"பாட்ட கேட்டுட்டு வர்றியா?" என்று போனை நீட்டினாராம்.

"அந்தக் கருமத்த நான் ஏன் கேக்கணும்? வூட்ட மட்டும் காட்டு" என்று தலைப்பைச் செருகிக்கொண்டு வந்தாள். உள்ளறையில் முகிலன் காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

நான் கடையை அப்படியே போட்டுவிட்டுப் போய்ப் பார்த்தேன். ஜெரோம் கையில் கேஸ் ரப்பர் குழாய். ஜெபகுமாரின் முதுகில் சட்டை கிழிந்து ரத்தம் கோடு கோடாக ஊறியிருந்தது. ஒவ்வொரு அடிக்கும் "நான் இல்ல அங்கிள்" என்றான். அந்த வார்த்தைக்குத் தனியாக ஓர் அடி விழுந்தது. ஜான்சி ஓடி வந்து மகன் மேல் விழ, குழாய் அவள் தோளையும் பதம் பார்த்தது. தடுக்கப் போன என்னை ஜெரோம் ஒரே தள்ளில் சாக்கடைக் கல்லில் உட்கார வைத்தார். இடுப்பு இன்னும் வலிக்கிறது.

கனகவல்லி நடுத்தெருவில் நின்று ஆரம்பித்தாள். ஜான்சியின் தாலியில் ஆரம்பித்து அவள் போகிற சர்ச் வரைக்கும் போனாள். கூட்டம் வட்டம் கட்டியது. எனக்கு அந்தக் கூட்டத்தின் மேல்தான் ஆத்திரம் வந்தது. அத்தனை முகமும் சினிமா தியேட்டரில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தது. சினேகா அவள் வீட்டு கேட்டைப் பிடித்துக்கொண்டு, தாடையில் பிளாஸ்திரியோடு நின்றாள்.

"இந்தப் புள்ளய பெத்ததுக்கு நீ ஒரு அம்மிக்கல்ல பெத்திருக்கலாம்" என்று ஜான்சியைப் பார்த்துச் சொன்ன கனகவல்லி, தன் பேர்போன வசவுக்கு வந்தாள். "அடையாத்து வெள்ளமே உன்ன மென்னு துப்பிட்டு போச்சுடி."

மதில் மேல் உட்கார்ந்திருந்த ஒரு பையன், நினைப்பே இல்லாமல், தாளத்தோடு அடுத்த வரியை எடுத்தான்: "சாக்கடையும் உன்ன கண்டு மூக்க பொத்திக்கிச்சு, சவப்பொட்டியும் வேணான்னு ஆணிய புடுங்கிக்கிச்சு."

அதே வரி கனகவல்லியின் வாயிலும் பாதி வந்திருந்தது. அவள் நின்றாள்.

"இது உனுக்கு எப்டிடா தெரியும்?"

"பாட்டுல கீதுக்கா" என்றான் பையன், பயந்துகொண்டு.

வெள்ளத்தைப் பற்றிய வசவு தெருவுக்கே தெரியும். சாக்கடையும் சவப்பெட்டியும் தெருவில் அதுவரை அவள் ஒருநாளும் சொன்னதில்லை. அது வீட்டுக்குள் சொன்னது. பிறகு என்னிடம் அவளே சொன்னாள். சித்திரை மாதத்தில் ஒரு நாள் முகிலன் சாப்பிடாமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தானாம். துருவிக் கேட்டபோது, "ஒரு பொண்ணு பஸ் ஸ்டாப்ல ஃபிரண்ட்ஸுங்க முன்னாடி அசிங்கப்படுத்திட்டா" என்றானாம். யார் பெண், இவன் என்ன கேட்டான், அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்று எதையும் இவள் கேட்கவில்லை. பிள்ளை மனசு ஆறட்டும் என்று, மீன் வறுத்துக்கொண்டே, முகம் தெரியாத அந்தப் பெண்ணை அடுப்படியில் நின்று திட்டித் தீர்த்தாள். பிள்ளை சிரித்தான், சாப்பிட்டான். போன் பக்கத்தில் திறந்திருந்தது; அவள் சொன்னதையெல்லாம் அது வாங்கிக்கொண்டது.

இப்போது அவள் நேராக சினேகாவிடம் போனாள். "பாட்ட போடு" என்றாள். சினேகா போனை எடுத்துக் கொடுத்தாள். கனகவல்லி அதைக் காதில் வைத்துக்கொண்டு கேட்டாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அடி வாங்கிய நாட்களில்கூட அந்த முகத்தில் அப்படி ஒரு பயத்தை நான் பார்த்ததில்லை.

அந்த இடத்தில் விஷயம் அவளுக்கு மட்டும்தான் தெரியும். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போயிருந்தால் முகிலன் தப்பியிருப்பான். ஜெரோம், "இன்னாக்கா நிறுத்திட்ட? பேசு" என்று சொல்லிக்கொண்டே ஜெபகுமாரின் முடியைப் பிடித்துத் தலையை நிமிர்த்தினார். இடது கையால் சட்டைப்பையிலிருந்து வேலைக் கத்தியை எடுத்தார். "வாய தொறடா" என்றார். ஜான்சி கத்தக்கூட முடியாமல் மண்ணை அள்ளித் தன் தலையில் போட்டுக்கொண்டாள்.

கனகவல்லி வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. இரண்டாவது தடவைதான் வந்தது.

"அவன வுடு ஜெரோமு. பாடுனது எம்புள்ள."

ஜெரோம் புரியாமல் பார்த்தார். புரிந்ததும் ஜெபகுமாரைக் கீழே போட்டுவிட்டு, குழாயும் கத்தியுமாக ஓடினார். கனகவல்லியும் ஓடினாள். ஜெரோம் முகிலனை ஹெட்போன் தொங்க, கால் நிலத்தில் இழுபட வெளியே கொண்டுவந்தார். கேஸ் குழாய் முகம் என்றும் முதுகு என்றும் பார்க்கவில்லை. புருவம் கிழிந்து ஒரு கண் மூடிக்கொண்டது. கனகவல்லி நடுவில் விழுந்து, கத்தியைப் பிடித்த கையின் மணிக்கட்டை இரண்டு கையாலும் இறுக்கினாள்.

"நாக்க அறுக்கணும்னா என்னுத அறு. அவனுக்கு ஏது அந்த வார்த்த? அத்தனையும் நான் சொன்னது."

"வுடும்மா" என்று கத்தினான் முகிலன். வாயிலிருந்து ரத்தமும் எச்சிலும் ஒழுகியது. கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினான். "இவங்க மட்டும் இன்னா? எங்கம்மா பேசறப்ப கை தட்டலியா? புடவ எடுத்துக் குடுத்து கூட்டிக்கினு போலியா? அதயே நான் பாடுனா அறுப்பீங்களா?"

எனக்கு அந்த நேரத்தில் அவன் பல்லை உடைக்க வேண்டும் என்றிருந்தது. அவன் சொன்னது பொய் இல்லை என்பதால் இன்னும் அதிகமாக.

சினேகா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். அப்பாவின் கையிலிருந்து கத்தியை வாங்கிக் கீழே போட்டாள். பேசுவதற்காக வாயைத் திறந்தபோது தையல் இழுத்து, பிளாஸ்திரி சிவந்தது.

"அதே பாட்ட பாடச் சொல்லுங்கப்பா" என்றாள். "என் பேர எடுத்துட்டு அவங்கம்மா பேரப் போட்டு. இங்கயே. எல்லாருக்கும் கேக்கிற மாதிரி."

முகிலன் அம்மாவைப் பார்த்தான். கனகவல்லி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாடு" என்றாள்.

அவன் ஆரம்பித்தான். தாளம் வரவில்லை. சினேகா என்று வரும் இடத்தில் கனகவல்லி என்றான். அடுத்த வரி அம்மாவின் உடம்பைப் பற்றியது. அதைச் சொல்ல அவனால் முடியவில்லை. குப்புற விழுந்து, மண்ணில் முகத்தைத் தேய்த்துக்கொண்டு, "வேணாம்மா, வேணாம்மா" என்று அழுதான்.

ஜெரோமே, "போதும், வுடு" என்றார்.

"இன்னா போதும்?" என்றாள் கனகவல்லி. "அந்தப் பொண்ணு முழுசா கேட்டுச்சு. ரயில்வே டேஷன்ல வச்சு கேட்டுச்சு. இவனும் முழுசா கேக்கட்டும்."

அவன் விட்ட வரியிலிருந்து அவளே சொல்ல ஆரம்பித்தாள். பாடவில்லை, திட்டவில்லை, ரேஷன் கடையில் பெயர் வாசிப்பதுபோல ஒவ்வொரு வரியாகச் சொன்னாள். ஒவ்வொன்றிலும் தன் பெயரைப் போட்டாள். கூட்டத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. பெண்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வீட்டுக்குள் போனார்கள். மதில் மேல் இருந்த பையன் இறங்கிவிட்டான்.

மூன்றாவது வரியில் முகிலன் எழுந்து பாய்ந்து அவள் வாயைப் பொத்தினான். அவள் அந்தக் கையைக் கடித்தாள். எலும்பு வரைக்கும் இறங்கிய கடி. அவன் கையை உதறிக்கொண்டு அவள் காலடியில் சரிந்தான். அவன் ரத்தத்தை அவள் துப்பவில்லை, புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். கடைசி வரி வரைக்கும் சொல்லி முடித்தாள்.